வெட்டும் பிரிவு, பெண்கள்

சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் அந்த அட்டவணை புரொஜெக்டர் வெளிச்சத்தில் பெரிதாக விழுந்தபோது முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதைப் போட்டவள் என் அண்ணி. எங்கள் அட்டைப்பெட்டி ஆலையில் ஊழியர்களிடம் கணக்கெடுப்பு நடத்தும் வேலையை வெளியே ஒரு அலுவலகத்திடம் கொடுத்திருந்தார்கள். அங்கே வந்து குவியும் சீட்டுகளை எண்களாக்கி, எண்களை அட்டவணையாக்குவதுதான் அண்ணிக்கு உத்தியோகம்.

அண்ணியின் அட்டவணை என்றால் சும்மா இல்லை. அண்ணன் தன் சர்க்கரை அளவைக் கண்ட கண்ட துண்டுக் காகிதத்தில் கிறுக்கி வைப்பான். கல்யாணமான புதிதில் அவள் அத்தனையையும் பொறுக்கி எடுத்து, சாப்பாட்டுக்கு முன், பின் என்று கட்டம் பிரித்து, தலைப்பு போட்டு ஒரே தாளில் கொடுத்தாள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "இப்பதாங்க உங்க வியாதியே எனக்குப் புரியுது" என்றாராம். தேவையில்லாத கோடு ஒன்று இருந்தாலும் அவளுக்குக் கண்ணில் தூசி விழுந்த மாதிரி. அப்படிப்பட்டவள் இன்று எங்கள் மேனேஜருக்குப் பக்கத்தில் நின்று, கையில் குச்சியோடு சுவரைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

எங்களுக்குக் கொடுத்த சீட்டில் பெயர் கேட்கவில்லை. எந்தப் பிரிவு, ஆணா பெண்ணா, அப்புறம் ஒரே ஒரு கேள்வி: பாதுகாப்பு ஏற்பாட்டைச் செயலிழக்கச் செய்துவிட்டு வேலை பார்க்கும்படி மேலதிகாரி உங்களை வற்புறுத்தியதுண்டா? நான் "ஆமாம்" என்பதற்கு நேரே டிக் போட்டேன். பெயர்தான் இல்லையே என்ற தைரியம்.

எங்கள் சூப்பர்வைசருக்கு ஆலையில் பெயர் அவசரம். காலையில் வணக்கம் சொன்னால்கூட "சரி சரி, அவசரம்" என்பார். அட்டையை வெட்டும் மெஷினுக்கு முன்னால் ஒரு தடுப்புக் கதவு உண்டு. கதவைத் திறந்தால் மெஷின் தானாக நிற்க வேண்டும், அதற்கு ஒரு சுவிட்ச். நின்று நின்று ஓடினால் எண்ணிக்கை குறைகிறது என்று அவர் அந்த சுவிட்சைக் கம்பியால் அழுத்திக் கட்டிவிடுவார். கதவு திறந்து கிடக்கும், மெஷின் பாட்டுக்கு ஓடும், உள்ளே சிக்கிய துண்டுகளை நாங்கள் கையை விட்டு இழுக்க வேண்டும். எங்கள் பிரிவில் ஒருவரை ஒன்பதரை என்று கூப்பிடுகிறார்கள். அவர் விரல்களை எண்ணிப் பார்த்தால் காரணம் தெரியும்.

நான் அந்தப் பிரிவில் இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. பெட்டிகளைக் கட்டி அடுக்கும் பிரிவில்தான் வேலைக்குச் சேர்ந்தேன். போன மாதம் ஆள் போதவில்லை என்று வெட்டும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். சொன்னால் அம்மாவுக்குச் சோறு இறங்காது, அண்ணன் தாம் தூம் என்று குதிப்பான். அதனால் வாயைத் திறக்கவில்லை. அங்கே பதின்மூன்று ஆண்கள், நான் ஒருத்திதான் பெண்.

சுவரில் இருந்தது, ஆமாம் என்று சொன்னவர்களின் எண்ணிக்கை மட்டும். பக்கவாட்டில் நான்கு பிரிவுகள். மேலே ஆண்கள், பெண்கள் என்று இரண்டு பத்திகள். அச்சுப் பிரிவில் ஆண்கள் எட்டு, பெண்கள் ஐந்து. ஒட்டும் பிரிவில் ஏழு, ஆறு. கட்டும் பிரிவில் ஆறு, பன்னிரண்டு. வெட்டும் பிரிவுக்கு நேரே மட்டும் இரண்டு கட்டங்களிலும் எண் இல்லை, நட்சத்திரம் இருந்தது.

"அஞ்சு பேருக்குக் குறைவா இருந்தா நாங்க எண்ணைப் போட மாட்டோம்" என்றாள் அண்ணி. "யாருமே இல்லைன்னாலும் நட்சத்திரம்தான். யார் என்ன சொன்னாங்கன்னு வெளிய தெரியக் கூடாது. மத்தபடி, கீழ மொத்தம் வேணும்னு சார் காலையில கேட்டாரு, அதையும் சேர்த்திருக்கேன்."

"மொத்தம் இல்லாத அட்டவணை என்ன அட்டவணை" என்றார் மேனேஜர் சிரித்துக்கொண்டே.

நானும் சிரித்தேன். சிரித்தபடியே கடைசி வரிசையைப் பார்த்தேன். ஆண்கள் மொத்தம் இருபத்தொன்று. எட்டும் ஏழும் பதினைந்து, ஆறு சேர்த்தால் இருபத்தொன்று. அப்படியானால் எங்கள் பிரிவு ஆண்களின் நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

மறுபடி கூட்டினேன். அதேதான். பதின்மூன்று பேரில் ஒருவர்கூட ஆமாம் போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒன்பதரையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தன் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். பாதிப் பேராவது போட்டிருப்பார்கள், கும்பலோடு கும்பலாக நானும் கரைந்துபோவேன் என்றுதான் நம்பியிருந்தேன்.

பிறகு பெண்கள் பத்தியைக் கூட்டினேன். ஐந்து, ஆறு, பன்னிரண்டு: இருபத்துமூன்று. கீழே இருபத்துநான்கு என்று இருந்தது.

அண்ணி மூடி வைத்த கட்டத்தை அவளுடைய மொத்தமே திறந்துவிட்டது. என் பெயரை எழுதி, பக்கத்தில் போட்டோ ஒட்டியிருந்தால்கூட இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

அவசரம் முதல் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். எண்ணிக்கை என்றால் உயிரை விடுவாரே தவிர, கூட்டலில் மட்டும் அவருக்கு அவசரமே கிடையாது. உதடு அசைந்தது. விரல்கள் தொடைமேல் ஒவ்வொன்றாக மடங்கின. எனக்கு அந்த விரல்களைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. தப்பாகக் கூட்டு, தப்பாகக் கூட்டு என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஆண்கள் பத்தி முடிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. தன் பிள்ளைகள் பதின்மூன்று பேரும் காட்டிக்கொடுக்கவில்லை. அடுத்த பத்திக்குப் போனார்.

அந்த நேரம் பார்த்து அண்ணி என்னைத் தேடினாள். பெஞ்சுகளில் பிரிவு வாரியாக உட்கார்ந்திருந்தோம். கட்டும் பிரிவுப் பெண்களின் பக்கம் அவள் கண் ஒரு தடவை போனது, இன்னொரு தடவை போனது. பிறகு கூடம் முழுக்க அலைந்து, பதின்மூன்று ஆண்களுக்கு நடுவில் என்னிடம் வந்து நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் பேச்சு பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டது. நிமிர்ந்தபோது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கடைசி வரிசையை.

"மேடம்" என்று அவசரம் எழுந்தார். குரல் தேனாக இருந்தது. "கீழ இருக்கிற இருபத்திநாலு சரியாப் பார்த்துப் போட்டதுங்களா? எனக்கு ஒண்ணு இடிக்குது."

பேசியது அண்ணியிடம். பார்த்தது என்னை.

பெண்கள் கழிப்பறைக்குப் பக்கத்துச் சந்தில், சரக்கு லாரிகளுக்கு இடையில், இவர் தனியாக வந்து என் முன்னால் நிற்பதெல்லாம் வரிசையாகக் கண்ணில் ஓடியது. அவருக்குப் பிடிக்காதவர்கள் வேலையை விட்டுத் தாங்களாகவே ஓடியிருக்கிறார்கள். ஏன் ஓடினோம் என்று அவர்கள் வாயைத் திறந்து சொன்னதில்லை.

அண்ணி தொண்டையைச் செருமினாள்.

"தப்புதாங்க" என்றாள். "இருபத்திமூணுன்னு இருக்கணும். கூட்டல்ல ஒண்ணு கூடிப்போச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் கூட்டல் தப்பு என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. மளிகைக் கடைக்காரர் பில்லைக்கூட இரண்டு தடவை கூட்டிச் சரிபார்த்துக் கொடுப்பவள். நூற்றுச் சொச்சம் பேர் முன்னால், அந்தக் கூட்டலை விரல்விட்டுச் செய்த மனிதரிடம், தப்பு என்கிறாள்.

மேனேஜரின் முகம் சுருங்கியது. "என்னங்க இது? இதை நம்பி நான் என்ன நடவடிக்கை எடுக்கறது? கூட்டலே தப்புன்னா, மத்ததெல்லாம் சரின்னு யார் சொல்றது?"

"அதான் சார் நானும் சொல்ல வந்தேன்" என்றார் அவசரம்.

"முழுசையும் தள்ளி வைங்க. அடுத்த வருஷம் வேற யாரையாவது வச்சு எடுக்கலாம்" என்றார் மேனேஜர்.

அண்ணி வாதாடவில்லை. "சரிங்க" என்று குச்சியை மேஜைமேல் வைத்தாள். அவள் காது மடல் வரை சிவந்திருந்தது. எனக்கோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்பாடா என்று இருந்தது. உடம்பே லேசானது. அண்ணியின் மானம் கப்பலேறினால் ஏறட்டும், நான் தப்பித்தேன்.

"எல்லாரும் மெஷினுக்குப் போங்க" என்றார் அவசரம். "பாதி ஓட்டத்துல விட்டுட்டு வந்திருக்கோம். அவசரம்."

பெஞ்சுகள் கிறீச்சிட்டன. ஒன்பதரை எழுந்திருக்கப் பெஞ்சில் கையை ஊன்றினார், என் கைக்குப் பக்கத்தில். நான் அந்த அரை விரலைப் பார்த்தேன். மழமழவென்று, நகமில்லாமல் இருந்தது. இன்னும் சிறிது நேரத்தில் நான் அந்தத் திறந்த கதவுக்கு முன்னால் நின்று கையை உள்ளே விட வேண்டும். இன்றைக்கு, நாளைக்கு, அடுத்த வருஷம் வேறு யாராவது வந்து கேட்கும் வரைக்கும். கை என்னுடையது.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. "சார்" என்று கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை, இரண்டாவது தடவைதான் குரல் வந்தது.

"சார், கூட்டல் சரிதான். இருபத்திநாலுதான். அந்த ஒண்ணு நான்."

அண்ணி வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா சொல்ற?" என்றார் மேனேஜர்.

"வெட்டற மெஷின்ல சுவிட்சைக் கட்டிப் போட்டிருக்கு சார். கதவைத் திறந்து வச்சே ஓட்டச் சொல்றாங்க."

"உன்னோட வேலை செய்யற யாரும் அப்படி எழுதலையே?"

"எழுதல சார்." அதற்குமேல் என்ன சொல்வது? பதின்மூன்று பேரும் அங்கேயேதான் நின்றார்கள்.

அவசரம் அதற்குள் கதவை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தார். "நான் போய் ஒரு பார்வை பார்த்துட்டு வந்துடறேன் சார், பொண்ணு பயந்துபோய் ஏதோ..."

"அவரைத் தனியா விடாதீங்க சார்" என்றேன். அழுகை வந்துவிட்டது. "கம்பி இப்ப கட்டித்தான் இருக்கு. இவர் போனா இருக்காது."

மேனேஜர் ஒரு கணம் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நில்லுங்க" என்றார். "சேர்ந்தே போகலாம்."

கம்பி இருந்தது. மேனேஜர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, யார் கட்டியது என்று கேட்டார். மெயின் சுவிட்சை அவரே அணைத்து, மறு உத்தரவு வரும்வரை யாரும் தொடக் கூடாது என்றார். அவ்வளவுதான். அவசரத்தை அங்கேயே வேலையை விட்டுப் போகச் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அறைக்கு வந்து விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். போகிற போக்கில் அவசரம் என் பக்கத்தில் நின்று, யாருக்கும் கேட்காத குரலில், ஒரு பெரியப்பா மாதிரி கனிவாகச் சொன்னார்: "நாளைக்கும் வருவேல்ல?"

வாசலில் அண்ணி காத்திருந்தாள். என் இரண்டு கைகளையும் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏண்டி எழுந்த? நான்தான் என்மேல போட்டுக்கிட்டேனே. எவ்வளவு தைரியம் உனக்கு."

"தைரியமும் இல்ல ஒண்ணும் இல்ல அண்ணி. அவரைக் கண்டா பயம். அந்த மெஷினைக் கண்டா அதைவிடப் பயம்."

அவள் கையை விடவில்லை. "உங்க அண்ணன்கிட்டச் சொல்லிடலாம். நாளையிலிருந்து நீ இங்க வர வேண்டாம்."

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒன்பதரை எங்களைக் கடந்து போனார். நின்றார். என்னைப் பார்க்கவில்லை, அண்ணியைப் பார்த்துக் கேட்டார்:

"அம்மா, அந்தச் சீட்டை மறுபடி எழுதித் தர முடியுங்களா?"

அண்ணி என்னைப் பார்த்தாள். சீட்டை எண்ணி முடித்து அனுப்பிவிட்டால் பிறகு மாற்றக் கூடாது என்று அவர்களுக்கு ஒரு விதி உண்டு. எனக்கே தெரியும்.

"நாளைக்கு நான் வரேன்" என்றேன் அவரிடம். "மேனேஜர்கிட்ட வாயாலயே சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."

அவர் தலையாட்டினார். வருவாரா என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போகும் வழி முழுக்க எனக்குப் பல் தந்தியடித்துக்கொண்டே இருந்தது.