காலைக் கையெழுத்து

...ரத்தம் கண்ணுக்குள் இறங்குகிறது, இறங்கட்டும், முதலில் அந்த நோட்டு எங்கே, பைபிளுக்குப் பக்கத்தில்தானே வைத்தேன்... நெற்றியை முந்தானையால் அழுத்திக்கொண்டு தேடுகிறேன், அவர் எறிந்த சொம்பு இன்னும் அடுப்படியில் உருண்டுகொண்டிருக்கிறது. ரசத்தில் உப்பில்லையாம். உப்புப் போட்டால் வயிறு இன்னும் ஊதும், போன மாதம் மதுரையில் ஊசி குத்தி ஆறு லிட்டர் நீர் இறக்கினார்கள், பக்கெட்டைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டியது நான், திரும்பி வரும்போது கொடைரோடு தாண்டி பஸ்ஸிலேயே ரத்த வாந்தி, அதுவும் என் மடியில்தான். அந்த மடிக்குத்தான் இந்த மரியாதை. ஆனால் அடித்தது இவரா, இல்லை, இவர் இல்லை... "ஈரல் கெட்டுப்போனா விஷம் மூளைக்கு ஏறும்மா, ஆளே மாறிருவாரு. தினமும் காலையில கையெழுத்துப் போடச் சொல்லுங்க. கோணுச்சுன்னா இந்த மருந்தை ஒரு மூடி கூடக் கொடுங்க, தெளிஞ்சிரும்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒன்பது மாதமாக அவருக்கு அந்த மருந்து, எனக்கு இந்த நோட்டு.

லாரிகளுக்குப் பெயர் எழுதிய கை அவருடையது, நாகல் நகரில் ஸ்டான்லி பெயின்டர் என்றால் தெரியாத டிரைவர் இல்லை. அந்தக் கை பொங்கலுக்கு மறுநாள் என் முதுகில் விறகை உடைத்தது, நோட்டைப் பார்த்தால் பெயர் மண்புழுவாக நெளிந்து கிடந்தது, நான் அந்தப் பக்கத்தைத் தடவிக் கொடுத்தேன். என் மணிக்கட்டை முறித்த அன்று பேனாவைத் தலைகீழாகப் பிடித்தார்... எவ்வளவு நிம்மதி எனக்கு. "எம்புட்டு நாளைக்குத்தான் வாங்குவ செல்வி?" என்று பக்கத்து வீட்டு பக்ருன்னிசா அக்கா கேட்டபோது, "அவரில்லக்கா, வியாதி" என்றேன். "கல்யாணமான புதுசுல கம்மலோட காதைப் பிச்சாரே, அதுவும் வியாதியா?" அப்பவே ஈரல் கெட ஆரம்பிச்சிருக்கும்க்கா என்றேன், கூசாமல் சொன்னேன், அக்கா எழுந்து போய்விட்டார்.

நோட்டு கிடைத்துவிட்டது. "கையெழுத்துப் போடுங்க." வாங்கினார், போட்டார். ஸ்டான்லி. புள்ளி புள்ளியின் இடத்தில், வளைவு வளைவின் இடத்தில், லாரி நெற்றியில் எழுதியதுபோல. கீழே தேதி, சரியான தேதி. இருக்காது, அவசரத்தில் அப்படி விழுந்திருக்கும்... "இன்னொண்ணு போடுங்க." அது முதலாவதைவிட அழகாக இருந்தது. "எதுக்குடி ரெண்டு?" என்று நிமிர்ந்தார், என் நெற்றியைப் பார்த்தார், தெளிவாகப் பார்த்தார், "போயி உப்பை எடுத்துட்டு வா" என்றார். சொட்டு ரத்தம் தேதியின் மேல் விழுந்தது, பழக்கத்தில் மருந்து பாட்டிலைத் திறந்துவிட்டேன், மூடி கையில் இருக்கிறது... இவரைத் தெளிய வைக்கத்தானே ஒன்பது மாதமாக ஊற்றுகிறேன், தெளிந்துதானே இருக்கிறார், இப்போது எத்தனை மூடி ஊற்ற வேண்டும்...