கையேட்டை அழித்த வரி

லினக்ஸ் மென்பொருள்களைக் கணினியில் நிறுவ வசதியாகப் பொட்டலம் கட்டுவது அவள் வேலை. பொட்டலத்துக்கு ஒரு ஸ்கிரிப்ட் உண்டு. நிரல் எங்கே போய் உட்கார வேண்டும், கையேடு எந்த ஃபோல்டருக்குள் போக வேண்டும் என்பதையெல்லாம் அதில்தான் எழுத வேண்டும். கையேட்டு ஃபோல்டரின் பெயரில் இனிப் பதிப்பு எண் கூடாது என்று போன மாதம் மேலிடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் விதி போட்டுவிட்டான். பழைய பெயரைத் தேடிய ஸ்கிரிப்டுகள் எல்லாம் பாதி வழியில் படுத்துக்கொண்டன.

நாற்பதைத் திருத்தும்வரை பொறுமை இருந்தது. அப்புறம் அலுத்துவிட்டது. இதையெல்லாம் எவன் படிக்கிறான் என்று ஒரே ஒரு வரி எழுதினாள்: கையேட்டு ஃபோல்டரை அழித்துவிடு. மிச்சமிருந்த அறுபத்து மூன்றிலும் அதையே ஒட்டினாள். எல்லாம் சமர்த்தாக ஓடின. மேலாளர் பாராட்டக்கூடச் செய்தார்.

இன்று மதியம் அண்ணன் கூப்பிட்டான். குடிநீர் நிலையத்தில் இயந்திரம் பார்ப்பவன்.

"வாலு, குளோரின் அளக்குற மெஷின் எரர் நம்பர் நாப்பத்தொண்ணுன்னு காட்டிட்டு நின்னுபோச்சு. நேத்து பென்டிரைவ்ல அப்டேட் போட்டாங்க, அதுலேர்ந்து உள்ள இருந்த கையேட்டக் காணோம். மெஷினுக்கு நெட்டும் கெடையாது. ரெண்டு மணிக்குள்ள சரியாகலேன்னா ஊருக்கே தண்ணி தெறக்க முடியாது."

பொட்டலத்தின் பெயரைக் கேட்டாள். அவள் கட்டியதேதான். மென்பொருளின் மூலத்தைப் பிரித்துக் கையேட்டை எடுத்து, நாற்பத்தொன்றைத் தேடிப் பிடித்து, போனிலேயே வரி வரியாகப் படித்துச் சொன்னாள். அவன் அங்கே ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே வந்தான். இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மெஷின் ஓடியது.

"அப்பாடா! அந்தக் கையேட்டத் தூக்கினவன் மட்டும் என் கையில கெடச்சான்..."

"நான்தாண்ணே அது."

பின்னால் கேட்ட மோட்டார் சத்தம் தேய்ந்தது; அவன் வெளியே நடந்து வந்திருந்தான்.

"சரி விடு. எனக்காவது கேக்குறதுக்கு நீ இருக்க," என்று சொல்லிவிட்டு போனை வைத்தான்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. ஸ்கிரிப்டைத் திறந்து அந்த வரியை எடுத்தாள். ஃபோல்டரின் புதுப் பெயரை எழுதிச் சேமித்தாள். கண் எரிந்தது, முதுகு வலித்தது, எல்லாவற்றையும்விட வெட்கமாக இருந்தது.

இன்னும் அறுபத்திரண்டு பாக்கி. அந்த அறுபத்திரண்டில் எதை வைத்துக்கொண்டு எவன் எங்கே முழித்துக்கொண்டு நிற்கிறானோ, அவனிடம் அவளுடைய நம்பர் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்ததைத் திறந்தாள்.