களிமண் பிடித்த தண்ணீர்

கிணற்றில் இறக்கிய மோட்டார் மறுபடியும் காற்றைத்தான் இழுத்தது. குழாய் வாயில் கொஞ்சம் சேறு, ஒரு இருமல், அவ்வளவுதான். அக்கா புருஷன் மெக்கானிக்கைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார்.

"என்னய்யா பண்ணித் தொலைச்ச மோட்டாரை? கீழ தண்ணி கொட்டிக் கெடக்குன்னு என் மாப்ளயே கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கான். நீ என்னடான்னா காத்து வாங்கிக் குடுக்குற! இனிமே இந்தப் பக்கம் எவன் உனக்கு வேலை குடுக்குறான்னு பாக்குறேன்."

அந்த மாப்பிள்ளை, அதாவது அக்காவின் தம்பி, கிணற்றோரமாக நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். நிலத்தடி நீர் பொறியாளர், பெரிய படிப்பு. வெள்ளம் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் வெறும் மணல் என்று கிடக்கிற பாலை ஆறு அது. அதன் படுகைக்கு அடியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, வருஷத்துக்கு எவ்வளவு எடுத்தால் தாங்கும் என்று கணக்குப் போட்டவன் இவனேதான். தம்பி சொல்லிவிட்டான் என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டு நிலம் முழுக்க மாதுளை வைத்தாள். இப்போது இலையெல்லாம் சுருண்டு கிடக்கிறது.

போன வாரமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. மணலுக்கு நடுவே கிடந்த தடித்த களிமண் அடுக்கையும் மணலோடு மணலாகக் கணக்கில் சேர்த்திருக்கிறான், புண்ணியவான்! களிமண்ணில் தண்ணீர் இல்லாமல் இல்லை, மணலைவிட அதிகமாகவே இருக்கும். ஆனால் சரியான கஞ்சன் அது, பிடித்து வைத்துக்கொள்ளுமே தவிர கிணற்றுக்கு விடாது. இருக்கிறதை எல்லாம் எடுக்கலாம் என்று எழுதிவிட்டான். முதல் வருஷம் படிக்கிற பயல்கூடப் பண்ணமாட்டான். இது தெரிந்தும் அவன் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். "சார் கணக்கு தப்பா இருக்காதுங்க. என் கைதான் எங்கயோ கோளாறு பண்ணியிருக்கு."

தம்பிக்கு அது பொறுக்கவில்லை. எழுந்துவிட்டான்.

"மாமா, மோட்டார் நல்லாத்தான் இருக்கு. நான் போட்ட கணக்குதான் தப்பு. களிமண்ணையும் சேர்த்துட்டேன். கீழ எடுக்குற மாதிரி தண்ணி இல்ல."

மாமா பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பாத்தியா உன் தம்பிய!"

"சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தாங்க," என்றாள் அக்கா, முகமெல்லாம் பெருமை. "யாராவது திட்டு வாங்கினா இவனுக்குத் தாங்காது. பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்குவான்."

"இல்லக்கா, நெஜமாவே..."

"போதும் மாப்ள. உன் மொகத்துக்காக இவன விட்டுர்றேன்."

மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்துக் கும்பிட்டான். "பெரிய மனசு சார் உங்களுக்கு. இந்தத் தடவை ஒழுங்கா பண்ணிடறேன்."

சொல்லிவிட்டு, தோலுரிந்த உள்ளங்கையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு, மோட்டாரை மேலே இழுக்க ஆரம்பித்தான்.