மூக்காயியின் பொய்கள்

"யாரும் உள்ள போக வேணாம். எங்கம்மாவுக்கு நானே தண்ணி ஊத்திக்கிறேன்" என்று குளியலறைக் கதவை மறித்து நின்றாள் வேலைக்காரி மூக்காயி.

வெந்நீர் வாளியோடு வந்த சந்திரமதி பாதி வழியில் நின்றாள். முன்னறையில் அப்பா ஜம்புலிங்கத்தைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். நேற்று மத்தியானம் ஆபீசில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், அப்புறம் எழுந்திருக்கவில்லை. தீவிலிருந்து மெயின்லேண்டுக்குத் தந்தி போய்விட்டது. ஆனால் தாய்மாமா கப்பலேறி வந்து சேர நாலு நாளாகும். அதனால் அம்மாவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் பக்கத்து வீட்டு விசாலாட்சிதான் வாங்கி வந்திருந்தாள்.

"எடுக்கிறதுக்கு முன்னாடி மஞ்சப் பூசிக் குளிக்க வச்சு, கோடி கட்டி, பூ வைக்கணும். சுமங்கலிங்க செய்யிற காரியம். வேலைக்காரி, நீயே தாலி அறுத்தவ. தள்ளுடி" என்றாள் விசாலாட்சி. அவள் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள்.

"வையிறதுன்னா வைங்க தாயி. கதவத் தெறக்க மாட்டேன்."

ஏனென்று சந்திரமதிக்குத் தெரியும். போன வியாழக்கிழமை அப்பாவின் இடுப்பு பெல்ட் அம்மாவின் முதுகில் இறங்கியிருந்தது. அந்தக் காயங்களுக்கு அடியில் பழைய தழும்புகளும் உண்டு.

அறுபதாம் வருஷம் இந்தக் குடும்பத்தோடு தீவில் கப்பலிறங்கியவள் மூக்காயி. பதினோரு வருஷமாக, ஐயாவின் குரல் உயர்ந்ததும் அடுக்களையில் ஏதாவது ஒன்று விழுந்து உடையும். ஒருநாள் குழம்புச் சட்டி, ஒருநாள் பீங்கான் தட்டு. "கை தவறிருச்சுங்கய்யா" என்று வந்து நிற்பாள். கோபம் அவள்மேல் திரும்பிவிடும். அம்மாவின் கன்றிய முகத்தைப் பார்த்து அக்கம்பக்கத்தார் கேட்டால், "நாந்தான் படியில எண்ணெயக் கொட்டிட்டேன், வழுக்கிருச்சு" என்று மூக்காயி முந்திக்கொள்வாள். பத்து வயசுவரை சந்திரமதி அவளைக் கையாலாகாதவள் என்றே நினைத்திருந்தாள்.

"அப்படி என்னடி ரகசியம் உள்ள?"

"அம்மாவுக்கு அக்கி போட்டிருக்கு. தொட்டா ஒட்டிக்கும்."

பெண்கள் ஓரடி பின்வாங்கினார்கள். முன்னறையிலிருந்து அப்பாவின் ஆபீஸ் நண்பர் ஜெகநாதன் மாமா குரல் கொடுத்தார். "ஜல்தி பண்ணுங்கம்மா! லாரி வந்தாச்சு. மழைக்குள்ள எடுத்துடணும்."

உள்ளே அம்மா தாழ்ப்பாளை விலக்கும் சத்தம் கேட்டது.

"மூக்காயி, வழி விடு."

"வேணாம்மா. போனவரு போயிட்டாரு. நாளைக்கு இந்தத் தெருவுல நீங்கதான நடக்கணும்?"

"போதும். இன்னும் எத்தனை பழியத்தான் ஏத்துக்குவ நீ?"

கதவு திறந்தது. பாவாடையை மார்புக்கு மேல் கட்டியிருந்த அம்மா ஜெயமணி, கூந்தலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டி முக்காலியில் உட்கார்ந்தாள்.

ஒரு பெண் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். விசாலாட்சி மஞ்சள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். சந்திரமதியின் வாளியில் விரல் விட்டுப் பார்த்தாள்.

"சூடு ஜாஸ்தி. பச்சத்தண்ணி கலந்து கொண்டா."

கலந்து கொண்டு வந்தாள். விசாலாட்சி செம்பில் மொண்டு தூக்கினாள். எங்கே ஊற்றுவதென்று தெரியாமல் கை அப்படியே நின்றது. கடைசியில் செம்பை மூக்காயியிடம் நீட்டினாள்.

"நீயே ஊத்து தாயி. எங்க படக்கூடாதுன்னு உனக்குத்தான் தெரியும்."

வெளியே மறுபடியும் அவசரப்படுத்தினார்கள். மூக்காயி இடது தோளின் ஓரமாகச் செம்பை மெள்ளச் சாய்த்தாள். சந்திரமதி வாளியைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.