வடிகட்டியின் மாமியார்

ஆபீஸில் அவனுக்கு வடிகட்டி என்று பட்டப்பெயர். கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையில் யூனிக்ஸ் சர்வர்களைக் கட்டி மேய்க்கிற வேலை. வருகிற மெயிலையெல்லாம் முதலில் அவன் எழுதின ஸ்கிரிப்ட்தான் பார்க்கும். அனுப்பியது யார், தலைப்பு என்ன என்று மோந்து பார்த்துவிட்டு, வேண்டியதை உள்ளே விடும். வேண்டாததைக் 'குப்பை' என்ற ஃபோல்டருக்குத் தள்ளும். அந்தப் பெருமை தலைக்கேறி, வீட்டு அலமாரியிலும் ஒரு பழைய சர்வரை வைத்துக் குடும்ப மெயிலுக்குக் காவல் போட்டான். மனுஷன் சும்மா இருந்திருக்கலாம்!

மாமியாருக்குக் காதருகே கத்தினால்தான் கேட்கும் என்று ஆகி, போன் பேச்சு நின்றபோது, மெயில் வைத்துக் கொடுத்தவனும் அவன்தான். நல்ல காரியம், யார் இல்லையென்றது? ஆனால் சொல்லிக் கொடுத்த லட்சணம் இருக்கிறதே! பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இதை அமுக்குங்க அத்தை, மெயில் போயிடும்" என்று, வந்த மெயிலை அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிற ஃபார்வர்டு பட்டனைக் காட்டிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! காலையில் பூனை ஜோக், மத்தியானம் டாக்டர் ஜோக், விளக்கு வைத்தால் மறுபடி பூனை. எல்லாம் ஃபார்வர்டு. மனைவியின் மெயில் பெட்டி இப்படி ரொம்பி வழிவதைப் பார்க்க அவனுக்குக் கை துறுதுறுத்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தையிடமிருந்து ஃபார்வர்டு வந்தால் குப்பைக்குப் போ என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்துவிட்டு, ஜம்மென்று டீ குடிக்கப் போனான்.

ஒரு மாதம் போயிற்று. துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மாவுக்கு என்மேல இன்னும் கோவம் தீரலைங்க. இங்க வந்து இருங்கன்னு அன்னைக்குச் சண்டை போட்டேன்ல. அவங்களா எழுதட்டும்னு காத்திருக்கேன், ஒரு மெயில்கூட இல்ல. முன்னாடியெல்லாம் ஏதாவது ஜோக்கை எடுத்து, அதுக்குக் கீழதான் சேதியெல்லாம் எழுதுவாங்க. இப்ப ஜோக்குகூட வர்றதில்ல."

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. புது மெயில் எழுத அத்தைக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அவன் காட்டின ஒரே பட்டனைத்தானே அந்த அம்மாள் இன்றுவரை அமுக்குகிறார்!

ஓடிப்போய்க் குப்பையைத் திறந்தான். மனைவி பின்னால் வந்து நின்றாள். ஒவ்வொரு பூனைக்கும் கீழே நாலு வரி இருந்தது.

'கண்ணுல புரை முத்திடுச்சாம். ஆபரேஷன் பண்ணணுமாம்.'

'புதன்கிழமைன்னு சொல்லிட்டாங்க. துணைக்கு ஆள் வேணுமாம். நீ வர்றியா?'

'கோவமா கண்ணு? பரவால்ல. எதிர் வீட்டுப் பொண்ணு வரேன்னு சொல்லியிருக்கு. மாப்பிள்ளைகிட்ட சொல்லு, அவர் வச்சுக் குடுத்த மெயில் இருக்கறதால காது போனதே எனக்குத் தெரியல.'

விடிந்தால் புதன்கிழமை. அவள் அவனைத் திட்டக்கூட இல்லை. "அம்மா எழுதினதுக்குக் குப்பைன்னு பேரு வச்சீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பையில் துணியை அடுக்கினாள். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது ஆபரேஷன் முடிந்திருந்தது. ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண்ணுக்கோ கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது. அத்தை மகளின் கையைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்.

"வந்துட்டியா? கோவம் போயிடுச்சா கண்ணு? தப்பு என்மேலதான். நீ கூப்பிட்டப்பவே நான் வந்திருக்கணும்."

மனைவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனைக் காட்டிக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. செய்தவன் இங்கே குத்துக்கல்லாட்டம் நிற்கிறான், செய்யாத தப்புக்கு அம்மாவும் பெண்ணும் அழுகிறார்கள்! ஆனால் எப்படிச் சொல்வது? எழுதிக் காட்ட வழியில்லை. வேறு கதியில்லாமல், அத்தையின் காதருகே குனிந்து அடித்தொண்டையிலிருந்து கத்தினான்.

"அத்தை! அவளுக்குக் கோவமே இல்ல! உங்க மெயிலைத் தடுத்தது நான்! நான்தான் குப்பையில போட்டேன்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. ஊசி போட வந்த நர்ஸ் ஊசியும் கையுமாக நின்றுவிட்டார். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். அவனுக்கு மானம் கப்பலேறியது. ஏறட்டும் என்று இன்னொரு தடவையும் கத்தினான்.

இந்தத் தடவை அத்தைக்கு விளங்கிவிட்டது. மகளின் கையை விடாமலே, இன்னொரு கையால் துழாவி அவன் சட்டையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

"எம்பொண்ணுக்குக் கோவம் இல்லல்ல? அது போதும்" என்றார். "ஆமா, அத்தனையும் போட்டீங்களா?"

அவன் அவர் கையைத் தன் தலைமேல் வைத்து, ஆமாம் என்று தலையை ஆட்டிக் காட்டினான்.

"ஐயோ, அப்ப அந்தப் பூனை ஜோக்கை நீங்க படிக்கவே இல்லையா?" என்றார் அத்தை. "கட்டைப் பிரிக்கட்டும் மாப்பிள்ளை. முதல்லேர்ந்து எல்லாத்தையும் திரும்ப அனுப்பறேன்."