தேன்சிட்டு ஹார்டு டிஸ்க்

திரையில் காளைகள் விக்கல் எடுத்துக்கொண்டிருந்தன. ஓர் எட்டு வைப்பதும், அப்படியே உறைவதும், மறுபடி நாலு எட்டுத் தாவுவதுமாக.

"விஜய், கேமராவுல கோளாறா?" என்றாள் ஹுஸ்னா.

"ஆறு கேமராவுமாக்கா சேர்ந்து விக்கும்? உங்க டிஸ்க்கைப் பாருங்க."

விஜய்ராஜ் ராயப்பன்பட்டியில் வீடியோ ஸ்டூடியோ நடத்துபவன். கூடலூர் மாட்டுவண்டிப் பந்தயத்தை ஆறு கேமராவில் பிடித்து, எல்லைக்கோட்டுப் பந்தலில் ஒரே கம்ப்யூட்டரில் பதிவு செய்வது அவன் வேலை. அந்தக் கம்ப்யூட்டரில் பதிவுக்கென்றே தனி ஹார்டு டிஸ்க் தேர்ந்து கொடுத்தவள், கம்பத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஹுஸ்னா.

போன வருடம் பெரிய மாட்டுப் பந்தயத்தில் எந்த வண்டி முந்தியது என்பதில் சண்டை மூண்டு, மண்டைகள் உடைந்தன. இந்த வருடம் கேமரா சொல்வதே தீர்ப்பு என்று இரண்டு தரப்பும் கையடித்துக் கொடுத்த பிறகுதான் பந்தயத்துக்கே வழி பிறந்தது. படம் சொதப்பினால் இனி கூடலூரில் பந்தயமே கிடையாது. "படம் நிக்காது, அதுக்கு நான் பொறுப்பு" என்று கூட்டத்தில் எழுந்து சொன்னவளும் ஹுஸ்னாதான்.

அவளிடம் ஒரே கம்பெனியின் இரண்டு ரக டிஸ்க்குகள் இருந்தன. மஞ்சள் லேபிள் வீட்டு உபயோகத்துக்கு. சாம்பல் லேபிள் ஓயாத வேலைக்கு. கொள்ளளவு ஒன்றுதான். அந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் டிஸ்க்கைச் சோதிக்கும் முறை ஒன்று உண்டு: ஒரு கல்யாண வீடியோவைக் காப்பி போட்டுப் பார்ப்பது. அவளும் போட்டாள். இரண்டும் தோளோடு தோள் நின்றன. வித்தியாசமே இல்லையே என்று மஞ்சளைக் கொடுத்துவிட்டாள்.

இப்போது பெரிய மாட்டு வண்டிகள் லோயர் கேம்ப் சாலையில் புழுதி கிளப்பி மறைந்துவிட்டன. அங்கே திரும்பி, இதே கோட்டுக்கு வர வேண்டும். பதிவு வேகத்தைக் காட்டும் பட்டை தரையோடு படுத்துக் கிடந்தது.

காலையிலிருந்து நடந்ததை அவள் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தாள். முதலில் தேன்சிட்டுப் பந்தயம்: குட்டிக் காளைகள், கொஞ்ச தூரம். அதன்பின் பந்தயத்துக்குப் பந்தயம் காளையும் பெரிதாகும், தூரமும் கூடும். பதிவு வழுக்கிக்கொண்டு போனது. அடுத்து பூஞ்சிட்டு, அதுவும் சரி. கரிச்சானில் லேசாக மூச்சு வாங்கியது. நடுமாட்டில் தள்ளாடியது. பெரிய மாட்டில் படுத்தேவிட்டது.

சுரீரென்றது. மஞ்சள் டிஸ்க்கைத் தேன்சிட்டு ஓடுகிற தூரத்துக்கு ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, அதைப் பெரிய மாட்டு வண்டியில் பூட்டியிருக்கிறாள்!

"நிப்பாட்டு விஜய். டிஸ்க்கை மாத்தணும்."

"இப்பவா? வெளையாடுறீகளாக்கா?"

"இது ஓட்டுக்கூரை மாதிரி எழுதுற டிஸ்க்குப்பா. ஒரு ஓட்டு மேல அடுத்த ஓடு ஏறிக் கெடக்கும். நடுவுல ஒண்ணை மாத்தணும்னா மேல கெடக்கிறதெல்லாம் பிரிச்சு மறுபடி அடுக்கணும். வர்றதை மொதல்ல எறக்கி வைக்க வாசல்ல கொஞ்சம் காலி எடம் இருக்கும். அது நெறையிற வரைக்குந்தான் இதோட ஜோரெல்லாம்."

குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடைக்குக் கொடுப்பதற்காகச் சாம்பல் லேபிள் டிஸ்க் அவள் கைப்பையிலேயே இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்து, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள்.

பின்னால் நின்ற முத்துராஜா எட்டிப் பார்த்தார். ஓடுகிற வண்டிகளில் ஒன்று அவருடையது; அதற்குச் சரியான போட்டி, கம்பத்துக்காரர் ஒருவரின் வண்டி.

"ஆத்தா, எம் மாடு வாரதுக்குள்ள ஒம் பொட்டி எந்திரிச்சிருமா?"

"ஒங்க மாட்டைக் கொஞ்சம் மெதுவா வரச் சொல்லுங்கண்ணே."

"அதுக்கு யாரு பேச்சையும் கேட்டுப் பழக்கமில்ல. என்னைய மாதிரி."

பழையதை உருவி மேசைமேல் வைத்தாள். புதியதை வயரில் மாட்டினாள். திருகாணிக்கு நேரமில்லை, கையாலேயே தாங்கிப் பிடித்துக்கொண்டாள். விஜய்ராஜ் விசையைத் தட்டினான். டிஸ்க் மெல்ல முனகிச் சுழலத் தொடங்கியது உள்ளங்கையில் தெரிந்தது.

செத்துப்போன டிஸ்க் ஒன்றை அவள் திறந்து பார்த்திருக்கிறாள். உள்ளே முகம் தெரிகிற கண்ணாடித் தட்டு. அதன்மேல் ஒரு மெல்லிய கை. தட்டு அசுர வேகத்தில் சுழலும்போது அந்தக் கையின் நுனி தட்டைத் தொடாமல் மிதக்கும். தலைமுடியை ஆயிரமாகப் பிளந்தாலும் அதில் ஓர் இழை அந்த இடைவெளிக்குள் நுழையாது. அப்படி ஒன்று இதோ தன் கைக்குள் பறந்துகொண்டிருக்கிறது என்று நினைத்ததும் அவள் முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டாள். விரலைக்கூட அசைக்கவில்லை.

தூரத்தில் சலங்கைச் சத்தம்.

"வந்துட்டாக, வந்துட்டாக!" கூட்டம் எழுந்தது.

"அக்கா, ஃபார்மட் ஓடுது... அது முடிஞ்சாத்தான பதிவாகும்?" என்றான் விஜய்ராஜ்.

"ஓடட்டும். நீ பொத்தான் மேல கையை வை."

திரையில் புழுதி தெரிந்தபோது ஃபார்மட் முடிந்தது; அவன் பொத்தானை அமுக்கினான். பட்டை எழுந்தது. எழுந்து, மலைக்கோடு போல நிமிர்ந்து நின்றது. இறங்கவே இல்லை. இரண்டு வண்டிகள் நுகத்தடி உரச, ஒரே புழுதி உருண்டையாகக் கோட்டைக் கடந்து போயின.

யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் கூச்சல். கம்புகள் உயர்ந்தன. விஜய்ராஜ் பந்தலுக்கு வெளியே கட்டியிருந்த பெரிய திரையில் படத்தைப் பின்னுக்கு ஓட்டி, ஒவ்வொரு படச்சட்டமாக நகர்த்தினான்.

கூச்சல் அடங்கியது. புழுதித் துகள்கள் ஒவ்வொன்றாய்த் தனித்தனியே நின்றன. காளையின் வாய்நுரை நூலாக நீண்டு அந்தரத்தில் தொங்கியது. ஒரு சட்டம்கூட விடுபடவில்லை. கம்பத்துக்காரரின் சாம்பல் நிற மயிலைக்காளை, மூக்கணாங்கயிறு அளவுக்கு முன்னால் இருந்தது.

தோற்றது முத்துராஜாவின் செவலைக்காளை. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவரோ பந்தலை விட்டு இறங்கி, திரைக்கு நேர் கீழே போய் நின்றார். உயர்ந்த கம்புகள் மெல்லத் தாழ்ந்தன.

"இதை அழிச்சிராத தம்பி," என்றார். "எம் மாட்டோட காலைப் பாரு. நாலு காலும் தரையில இல்லையே! இத்தன வருசமா ஓட்டுறேன், இது பறக்கும்னு எனக்கே தெரியாதுல்ல."

ஹுஸ்னா பார்த்தாள். செவலையின் குளம்புகளுக்கும் சாலைக்கும் நடுவே ஒரு கீற்று வெளிச்சம். அவள் உள்ளங்கையில் டிஸ்க் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.