எட்டு வயது அளவு

சேலையை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன். மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெளிச்சம். வருஷக்கணக்கில் மடித்தே வைத்த துணி, மடிப்பிலேயே இற்றுப்போயிருந்தது.

வெளியே மழை. ஞாயிற்றுக்கிழமை மழை. திருப்பூரில் மழைக்கும் இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது போல.

வளைகாப்புக்குக் கட்டிய சேலை. மயில்கழுத்து நிறம். அப்போது தன்ஷிகா வயிற்றுக்குள் இருந்தாள். நாளைக்கு அவளுக்கு எட்டு வயது ஆகிறது.

பிறந்தநாள் என்றால் பள்ளிக்கூடத்துக்குக் கலர் டிரெஸ் போட்டுப் போகலாம். வருஷம் முழுக்க யூனிஃபார்ம், அந்த ஒரு நாள் மட்டும் கலர். போன வருஷம் எனக்கு ஓவர்டைம், கடைக்குப் போகவே முடியவில்லை. யூனிஃபார்மிலேயே போய் மிட்டாய் நீட்டியிருக்கிறாள். உனக்குப் பிறந்தநாளே இல்லை, பொய் சொல்கிறாய் என்று பிள்ளைகள் சொன்னார்களாம்.

அழவில்லை. மீந்த மிட்டாயை டப்பாவில் போட்டு மூடினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த வருஷமும் ஓவர்டைம்தான். இன்றைக்கும் மதியம் வரை கம்பெனி. வந்து, சோறாக்கி, துணி அலசி, நிமிர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. சேலை இருக்கிறது. கத்தரி இருக்கிறது. கால் தையல் மெஷின் இருக்கிறது. ஒரு கவுன் என்ன பெரிய விஷயம், நாள் முழுக்க இதைத்தானே செய்கிறேன்.

அசதி. இடுப்பில் அசதி, கண்ணில் அசதி, பேச்சில்கூட அசதி.

கம்பெனியில் நான் சைடு அடிக்கிறவள். கவுனின் முன்பக்கமும் பின்பக்கமும் வெட்டி, கட்டாகக் கட்டி வரும். இரண்டையும் சேர்த்து, அக்குளிலிருந்து கீழே ஒரே ஓட்டம். அடுத்தது. அடுத்தது.

இந்த ஆர்டர் முழுக்க எட்டு வயது அளவு. கடல் தாண்டி எங்கேயோ இருக்கும் பிள்ளைகளுக்கு. கண்ணை மூடினாலும் அந்தத் துண்டின் வளைவு தெரியும்.

சாக்பீஸால் கோடு போட்டேன். டேப் தேடவில்லை. எட்டு வயது. அளவு தெரியும். இற்றுப்போன மடிப்புகளைத் தள்ளி, நடுவில் நல்ல துணியாகப் பார்த்து வெட்டினேன்.

தன்ஷிகா சுற்றிச் சுற்றி வந்தாள். "போட்டுப் பாக்கட்டுமாம்மா?"

"முடியட்டும் கண்ணு."

கொஞ்ச நேரம் கழித்து வந்து என் தோளில் சாய்ந்தாள். "வெளிச்சத்தை மறைக்காத சாமி, அந்தப் பக்கம் போ" என்றேன். போனாள். மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவள் அப்பா கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். சாயப்பட்டறையில் ராத்திரி ஷிப்ட். நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக விழித்திருக்கும் நேரம் குறைவு.

மெஷின் ஓடியது. மழை ஓடியது. கால் மிதித்தது, கை தள்ளியது, நான் அரைத்தூக்கத்தில் இருந்தேன். விளக்குப் போடும் நேரத்துக்குக் கவுன் முடிந்துவிட்டது. கீழே சுற்றிவரச் சரிகைக் கரை. எனக்கே கொஞ்சம் கர்வம்.

போட்டுவிட்டேன்.

தோள் வழிந்து இறங்கியது. அரைக்கை முழங்கையைத் தாண்டிக் கீழே வந்தது. முட்டியில் நிற்கவேண்டிய சரிகை கெண்டைக்காலில் கிடந்தது.

குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது எந்தப் பாப்பாவுக்கும்மா தெச்ச?"

குத்திக்காட்டத் தெரியாத குழந்தை. நிஜமாகவே கேட்டாள்.

எட்டு வயது என்றால் உலகமெல்லாம் ஒரே எட்டு வயது என்று நினைத்துவிட்டேன். கடல் தாண்டிய அந்த ஊர்ப் பிள்ளைகளின் தோள் தெரியும், மார்பு தெரியும், உயரம் தெரியும். என் பிள்ளை பக்கத்திலேயே இருந்தாள். போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அளக்கத் தோன்றவில்லை.

கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாமல் கத்தரியை வீசினேன். சத்தத்தில் அவர் எழுந்து உட்கார்ந்தார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரெண்டு ஊக்கு குத்தி உடு. ஒரு நாளைக்குத்தான?"

"வளந்தா செரியாப் போயிரும்ப்பா" என்றாள் தன்ஷிகா. எனக்காகச் சொன்னாள்.

ஊக்கு குத்தலாம்தான். என் உடம்பு அதைத்தான் கேட்டது. ஆனால் நாளைக்கு வகுப்பில் இதே கேள்வியைப் பிள்ளைகள் இவளிடம் கேட்கும். யாருடைய டிரெஸ் இது? இவள் என்ன சொல்வாள்?

பிரிக்க உட்கார்ந்தேன். பிளேடால், தையல் தையலாக. நான் அடித்த சைடு, லேசில் பிரியாது. கம்பெனியில் அதற்குத்தான் பேர் வாங்கியிருக்கிறேன். அழுகை வந்தது, அழுதுகொண்டே பிரித்தேன்.

"வா கண்ணு. கையத் தூக்கு."

டேப்பைத் தேடி எழத் தெம்பில்லை. சாணால் அளந்தேன். தோளுக்குத் தோள் ஒரு சாணும் நாலு விரலும். அவ்வளவுதான் என் பிள்ளை. விலா எலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டியது. அக்குளில் விரல் பட்டதும் நெளிந்து சிரித்தாள்.

கழுத்துக்குக் கீழே ஒரு மச்சம். புதிதா, முன்பே இருந்ததா? தானே குளிக்கிறாள். தானே சடை போடுகிறாள். எப்போதிருந்து என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

மார்பு. இடுப்பு. தோளிலிருந்து முட்டி. மழை விட்டிருந்தது, ஓட்டிலிருந்து சொட்டுவது மட்டும் கேட்டது.

"முடிஞ்சுது. கைய இறக்கிக்கோ."

இறக்கவில்லை. கண்ணை மூடி, இரண்டு கையையும் தூக்கியபடி அப்படியே நின்றாள்.

"இன்னொருக்கா அளந்து பாரும்மா."

தோளிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.